லாரி வரிசையில் நின்ற கார்

இருபத்தெட்டு வருடம் நான் கடலைப் பாடம் நடத்தினேன். கடலைப் பார்த்ததில்லை.

சங்ககிரிக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். எங்கள் பள்ளி வாசலில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கோட்டை மலை தெரியும், அதை விட்டால் லாரிப் பட்டறை தெரியும். கரும்பலகையில் சோழமண்டலக் கடற்கரையை ஒரே இழுப்பில் வரைவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. கோட்டுக்கு வலப்பக்கம் நீலச் சாக்பீஸைப் படுக்கப் போட்டுத் தேய்த்து, "இது வங்காள விரிகுடா" என்பேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அவர்கள் பார்த்திருந்த பெரிய தண்ணீர் காவிரிதான், நான் பார்த்திருந்ததும் அதுவேதான். பள்ளிபாளையம் பாலத்தில் நின்று ஆடிப்பெருக்கு வெள்ளம் பார்த்ததோடு என் நீர்வழிப் பயணம் முடிந்திருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அது தாராளமாக உதவும்.

தவிர, எனக்கு ஒரு வசதி இருந்தது. என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். முதலில் பிறத்தியார் வண்டி, பிறகு சொந்தமாக ஒன்று. முப்பது வருடத்துக்கு மேல் தூத்துக்குடி நடை போனவர். போகும்போது ஜவ்வரிசி மூட்டையோ ஜவுளிக் கட்டோ இருக்கும், திரும்பும்போது உப்பு.

கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம், சோறு போட்டுக்கொண்டே கேட்டேன். "கடல் எப்பிடீங்க இருக்கும்?"

பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு யோசித்தார். அவ்வளவு நேரம் எதையும் அவர் யோசித்து நான் பார்த்ததில்லை.

"லோடு ஏத்தி முடிச்சதும் தார்ப்பாய உதறி விரிப்போமில்ல? அப்ப நடுவுல காத்துப் புகுந்து ஒரு தூக்குத் தூக்கும். அப்பறம் மெதுவா அமுங்கும். அது மாதிரி ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும்" என்றார்.

அன்றைக்கே அதைப் பாடக்குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மறுநாள் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டது. பாதிப் பேர் வீட்டில் லாரி உண்டு. தார்ப்பாய் தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. அதற்கப்புறம் அவர் ஒவ்வொரு நடை போய்வரும்போதும் ஏதாவது கேட்டு வாங்குவேன். அலை திரும்பும்போது காலடி மணலை உருவிக்கொண்டு போகும், குழிக்குள் இறங்குவதுபோல் இருக்கும் என்பார். மேகம் வந்தால் தண்ணீர் ஒரு நிறம், வெயில் வந்தால் வேறு நிறம் என்பார். தூரத்துக் கப்பலுக்கு முதலில் உச்சிதான் தெரியும், அடி பிறகுதான் வரும் என்று அவர் சொன்னதை வைத்து, பூமி உருண்டை என்ற பாடத்தை ஒரு வாரம் ஓட்டியிருக்கிறேன். "எங்க ஊட்டுக்காரரு நேர்ல பாத்தது" என்று சொல்லும்போது வகுப்பு அமைதியாகக் கேட்கும். புத்தகத்துக்கு அந்த மரியாதை கிடைக்காது.

என்னிடம் படித்த ஒரு பெண் வேலைக்குச் சென்னைக்குப் போய், முதல் மாதமே போன் செய்தாள். "டீச்சர், பீச்சுக்குப் போயிருந்தேனுங்க. நீங்க சொன்ன தார்ப்பாய் மாதிரியேதானுங்க இருக்குது" என்றாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவருக்கு அப்பளம் பொரித்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

போக வாய்ப்பே இல்லாமல் போனது என்று சொல்ல முடியாது. உடன் வேலை செய்த ஆசிரியைகள் இரண்டு முறை கன்னியாகுமரிக்கு வேன் பிடித்தார்கள். இரண்டு முறையும் அவர், "நீ எதுக்கு அவங்களோட? அடுத்த நடை நான் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார். அந்த அடுத்த நடை வரவே இல்லை. லாரிக்காரர் வீட்டில் அடுத்த நடை என்பது ஒரு பேச்சு வழக்கு. நானும் பிடிவாதக்காரி. பார்த்தால் இவர் காட்டித்தான் பார்ப்பது என்று இருந்துவிட்டேன். கன்னியாகுமரியிலிருந்து அவர்கள் வாங்கிவந்த சிப்பி மாலையைக்கூட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற வருடம் அவருக்கு முழங்கால் போனது. கிளட்சை மிதிக்க முடியாமல் லாரியை விற்றார். ஒரு சின்ன பழைய கார் வாங்கினார். அதன் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டு, மாசி மாதத்தில் ஒரு நாள், "தூத்துக்குடி போலாமா?" என்றார்.

நான் பழைய பாடக்குறிப்பேட்டை எடுத்துப் பையில் வைத்தேன். அதில் இருந்த ஊர்களைப் பட்டியல் போட்டேன். பாண்டியர் துறைமுகமாக இருந்த கொற்கை, காயல்பட்டினம், திருச்செந்தூர், மணற்குன்றின் மேல் பழைய தேவாலயம் இருக்கும் மணப்பாடு. ஊர்கள் எல்லாம் உபரிதான். எனக்கு வேண்டியது ஒன்று. அவர் என்னைக் கடல் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நான் பிள்ளைகளுக்குச் சொன்னதெல்லாம் சரிதான் என்று என் கண்ணால் பார்க்க வேண்டும்.

விடிவதற்குள் கிளம்பினோம். காரை ஓட்டினாலும் அவர் லாரிதான் ஓட்டினார். புறப்படும் முன் நான்கு டயரையும் கம்பியால் தட்டிப் பார்த்தார். நாமக்கல் தாண்டியதும் ஒரு முறை, திண்டுக்கல்லுக்கு முன்னால் ஒரு முறை. வழியில் நல்ல ஓட்டல்கள் எத்தனையோ போயின, அவர் நிறுத்தவில்லை. கரூருக்கு அப்பால் ஐம்பது லாரி நிற்கும் ஒரு பொட்டலில் நிறுத்தினார். அங்கே சாப்பிட்ட ஒரே பெண் நான்தான். எங்கே நிறுத்தினாலும் காரைப் பின்னோக்கி எடுத்து, மூக்கு ரோட்டைப் பார்க்கும்படிதான் நிறுத்துவார். இத்தனை இடம் காலியாக இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன்.

"உள்ள போறதுக்கு ஒருத்தன் வழி காட்டுவான் புள்ள. வெளிய வாரதுக்கு நாமதான் பாத்துக்கோணும்" என்றார்.

திண்டுக்கல் மலைக்கோட்டை ஒரு ஓரமாக வந்து ஒரு ஓரமாகப் போனது. மதுரையில் மீனாட்சியம்மன் கோபுரத்தைச் சுற்றுச்சாலையிலிருந்து கை காட்டி, "கோயலு" என்றார். உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, "லாரிய உள்ள உட மாட்டாங்க" என்றார். ஆயிரம் தடவையாவது மதுரையைக் கடந்திருப்பார். அவருக்கு ஊர்கள் எல்லாம் பைபாஸ்தான் என்று அப்போது நினைத்துச் சிரித்துக்கொண்டேன். கொஞ்சம் யோசித்திருந்தால் அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பாடம் நடத்துகிறவர்களுக்குப் பாடம் சீக்கிரம் ஏறாது.

எட்டயபுரம் தாண்டியதும் வெயில் மாறியது. எங்கள் ஊர் வெயில் பாறையிலிருந்து கிளம்பி முகத்தில் அடிக்கும். இந்த வெயில் பரவலாக, வெள்ளையாக இருந்தது, கண் கூசியது. ரோட்டின் இரு பக்கமும் உப்பளங்கள் வந்தன. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஓரத்தில் குவியல் குவியலாக உப்பு. அவருக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. எந்தப் பாத்தியில் முன்பு லோடு ஏற்றினார், எந்த வளைவில் வண்டி புதைந்தது, உப்பு எப்படி வண்டியின் அடிச்சட்டத்தைத் தின்னும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். அறுபது வயதில் முடியைச் சரிசெய்துகொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தூத்துக்குடிக்குள் அவர் யாரிடமும் வழி கேட்கவில்லை. இடம் வலம் என்று திருப்பிக்கொண்டு நேராகப் போனார். ரோடு அகன்றது. துறைமுகத்தின் நீளமான சுவர் வந்தது. சுவரை ஒட்டி லாரிகள் வரிசையாக நின்றன. அவர் வேகத்தைக் குறைத்தார். கடைசி லாரிக்குப் பின்னால் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, கைப்பிரேக்கை இழுத்தார்.

ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் எங்களுக்குப் பின்னால் இன்னொரு லாரி வந்து நின்றது. முன்னால் ஒரு வண்டி நகர்ந்தது. அவர் காரைக் கிளப்பி, ஒரு வண்டி நீளம் முன்னேறி, மறுபடி அணைத்தார்.

சீருடை போட்ட காவலாளி ஒருவர் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் காரைப் பார்த்ததும் நின்று, குனிந்து, கண்ணாடியைத் தட்டினார்.

"அண்ணாச்சி, கார எதுக்கு லாரி வரிசைல போட்டுருக்கிய?"

இவர் அவரைப் பார்த்தார். பிறகு தன் கையில் இருந்த சின்ன ஸ்டியரிங்கைப் பார்த்தார். "கடல் பாக்கோணுமுங்க" என்றார்.

"கடலா? இங்கன இருந்து கடல் தெரியாதுல்லா? உள்ள பாஸ் இருந்தாத்தான் விடுவாங்க. திருச்செந்தூர் ரோட்டப் பிடிச்சுப் போங்க அண்ணாச்சி, அங்க எங்கன எறங்குனாலும் கடல்தான்." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "அண்ணாச்சி முந்தி லாரி ஓட்டுனவுகளோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பின்னால் இருந்த லாரி ஆரன் அடித்தது. இவர் காரை வரிசையிலிருந்து வெளியே எடுத்து ஓரமாக நிறுத்தினார். பின்னோக்கி எடுத்து நிறுத்தவில்லை, அப்படியே நிறுத்தினார்.

நான் கேட்டேன். "இதுக்கு முன்னால நீங்க கடல எந்தப் பக்கமா நின்னு பாத்தீங்க?"

சுவருக்கு மேலே தெரிந்த பாரந்தூக்கிக்கு அப்பால் கையைக் காட்டினார். "அதுக்கு அக்கட்டால" என்றார்.

"அக்கட்டால போயிருக்கீங்களா?"

அவர் மேல்துண்டால் ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பொருளில்லை. ஏமாந்துவிட்டேன் என்ற கோபம் பாதி. மீதிப் பாதி, நானும் சேர்ந்து ஏமாற்றியிருக்கிறேனே என்பது. வருடத்துக்கு நாற்பது பிள்ளைகள், இருபத்தெட்டு வருடம். நேரில் பார்த்தது, நேரில் பார்த்தது என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். குறிப்பேட்டை மூடிப் பைக்குள் திணித்தேன்.

"வண்டிய எடுங்க. கொற்கைக்குப் போலாம்" என்றேன். கடல் என்ற சொல்லை நான் சொல்லவில்லை.

கொற்கை வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் சண்டை என்றால் இப்படித்தான் இருக்கும். அவர் ரோட்டைப் பார்ப்பார், நான் ஜன்னலைப் பார்ப்பேன். கொற்கை ஒரு சின்ன ஊர். சுற்றிலும் வாழைத் தோட்டம். ஒரு பழைய வன்னிமரம், ஒரு சின்னக் கோயில், கொஞ்சம் வீடுகள். முத்து ஏற்றிய கப்பல்கள் நின்ற துறைமுகம் என்று நான் முழங்கிய ஊர் இதுதான். மருந்துக்குக்கூடக் கடல் இல்லை.

டீக்கடை வைத்திருந்த பெண், "எங்கெருந்து வாறீய?" என்று விசாரித்தாள். சேலம் பக்கம் என்றேன். கடல் இங்கே எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

"அது இங்கெருந்து போயி எவ்வளவோ காலமாச்சுக்கா" என்றாள், வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன குடித்தனக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல. எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமாக இருக்கும்போது சிரிப்பு வருவது பெரிய இடைஞ்சல்.

டீயை வாங்கிக்கொண்டு வன்னிமரத்து நிழலில் உட்கார்ந்தோம். அவர் காரைப் பார்த்தபடியே உட்கார்ந்தார். டீ பாதி குடித்த பிறகு, நான் கேட்காமலே ஆரம்பித்தார்.

"மொத நடைல எனக்கு இருவத்தி மூணு வயசு. அதே சொவத்தோரம் வரிசைல நிக்கறேன். முன்னால முப்பது வண்டி. எப்பிடியும் பொழுதாவும், அதுக்குள்ள கடலப் பாத்துப்போட்டு வந்தர்லாம்னு வண்டிய உட்டு எறங்கி நடந்தேன். பாதி தூரங்கூடப் போயிருக்க மாட்டேன். வரிசை நகந்துபோச்சு. பின்னால இருக்கறவனெல்லாம் ஆரன் அடிக்கறான். ஓடி வந்து பாத்தா ஸ்டெப்னி டயரக் காணோம். ஓனரு, 'நீ வண்டி ஓட்டப் போனியா, கடலப் பாக்கப் போனியா'ன்னு பட்டறைல அத்தன பேரு முன்னால கேட்டாரு. அதோட சரி."

"அதுக்கப்பறம் முப்பது வருசம் இருந்துதுங்களே?"

"வண்டிய உட்டுட்டு எப்பிடிப் போறது?" என்றார். நியாயம் கேட்கும் குரலில் கேட்டார்.

"அப்ப எனக்குச் சொன்னதெல்லாம்?"

"வரிசைல நிக்கறப்ப கடக்கரைக்கார டிரைவருங்க இருப்பாங்க. அவங்ககிட்டக் கேட்டுக்குவேன். எதுக்குய்யா இத்தன கேக்கறேம்பாங்க. ஊட்டுல டீச்சரு கேக்கும்பேன்."

"தார்ப்பாயும் அவங்க சொன்னதுதானா?"

"இல்ல. அது மட்டும் நானாச் சொன்னது."

டீக்கடைப் பெண் எங்களைப் பார்ப்பதும் பாத்திரம் கழுவுவதுமாக இருந்தாள். நான் குரலைத் தாழ்த்தினேன். "பாத்ததில்லீனு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லீருந்தா என்னங்க கொறஞ்சு போயிருக்கும்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சொல்லீருக்கலாம்" என்றார். பிறகு, "நீ படிச்சவ. ரேசன் கார்டுன்னாலும் பேங்குன்னாலும் ஊட்டுல எல்லாத்தையும் நாந்தான் உன்னையக் கேப்பேன். நீ என்னையக் கேட்டது அது ஒண்ணுதான்" என்றார்.

முப்பது வருடக் குடித்தனத்தை மனதுக்குள் ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்தேன். எண்ணெய் தீர்ந்ததா, எப்போது வருவீர்கள், சாப்பிட்டாயிற்றா என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். தெரிந்துகொள்வதற்காக நான் அவரிடம் கேட்டது கடலை மட்டும்தான். இது எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததால் கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

மறுபடி கிளம்பினோம். காயல்பட்டினத்தில் பழைய பள்ளிவாசல்களும் மீன் சந்தைக் கூட்டமும் கடந்துபோயின. திருச்செந்தூரில் கூட்டமோ கூட்டம். வண்டி நிறுத்தும் இடத்தை ஒரு சுற்று சுற்றினார். நெருக்கி நிறுத்தினால் கீறிவிடுவார்கள் என்று முணுமுணுத்தார். "நீ வேண்ணா எறங்கிக் கோயலுக்குப் போயிட்டுக் கடலையும் பாத்துட்டு வந்துரு. நான் வண்டிலயே இருக்கேன்" என்றார். நான் கதவைத் திறக்கவில்லை. முருகனை இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டுக்கொண்டு, "தெக்க போங்க" என்றேன்.

குலசேகரன்பட்டினம் தாண்டியதும் பனைகளுக்கு நடுவில் அவர் ஏதோ பார்த்துவிட்டார். "அங்க பாரு, தெரியுது" என்றார். நான் திரும்பவில்லை. மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது வருடம் காத்திருந்துவிட்டு ஓடுகிற காரின் ஜன்னலில் எட்டிப் பார்ப்பதா? அவரும் ஒரு முறைக்கு மேல் திரும்பவில்லை. எனக்குத் தெரியும்படி ரோட்டையே பார்த்தார்.

மணப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கிளை ரோட்டில் திரும்பினோம். ஒரு மீனவர் குடியிருப்பைத் தாண்டியதும் தார் ரோடு மணலில் போய் முடிந்தது. அவர் காரை நிறுத்தினார். வழக்கம்போல முன்னும் பின்னும் எடுத்து, மூக்கு ஊரைப் பார்க்க, பின்பக்கம் கடலைப் பார்க்க நிறுத்தினார். எனக்கு முன்னால் வந்த ரோடும், வலை காயும் சில கொல்லைகளும்தான் தெரிந்தன. பின்னால் சத்தம் மட்டும் கேட்டது. கல் லோடைத் தூரத்தில் யாரோ கொட்டிக்கொண்டே இருப்பதுபோல் ஒரு சத்தம். அதை அவர் எனக்குச் சொன்னதில்லை.

அவர் இறங்கினார். நான்கு டயரையும் தட்டினார். பிறகு ஓட்டுநர் பக்கக் கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு, "நீ போயிப் பாத்துட்டு வா. நான் வண்டிகிட்ட நிக்கறேன்" என்றார்.

நான் முன்பக்கமெல்லாம் பார்த்தேன். ஒரு நாய் படுத்திருந்தது. தூரத்தில் ஒரு அம்மாள் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். மாலை நான்கு மணி வெயிலில் வேறு ஆளே இல்லை.

"இங்க ஆருங்க உங்க ஸ்டெப்னியத் தூக்கிட்டுப் போறாங்க? அந்த நாயா?"

அவர் சிரிக்கவில்லை. "பழகிப்போச்சு புள்ள" என்றார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அது பழக்கம் மட்டும் இல்லை. அவருக்குப் பயம். கடலைப் பார்த்துப் பயமில்லை. பக்கத்தில் நான் நிற்க, அவர் சொன்ன மாதிரி அது இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். இருபத்தெட்டு வருடம் மாணவர்களைப் பார்த்தவள் நான். விடைத்தாள் கொடுக்கும் நாளில் கடைசி பெஞ்சில் அந்த முகம் இருக்கும்.

காரை விட்டு இறங்கவேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். இறங்கவில்லை. "சாவியக் குடுங்க" என்றேன். கொடுத்தார். "நான் வண்டிகிட்ட இருக்கேன். நீங்க மொதல்ல போயிப் பாத்துட்டு வாங்க."

"நீயி?"

"நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க. எப்பவும் அப்பிடித்தானுங்களே."

அது கிண்டலாகத்தான் வாயில் வந்தது. சொல்லி முடிக்கும்போது கிண்டல் இல்லை. அவர் செருப்பைக் கழற்றிக் கதவோரம் ஜோடியாக வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். மணலில் முழங்காலை இழுத்து இழுத்து அவர் நடக்கும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. அதற்கப்புறம் கல் கொட்டும் சத்தம்தான்.

நான் முன் சீட்டில் நேராக உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியம். ஆனால் என் பக்கத்துப் பின்பார்வைக் கண்ணாடியை நான் கணக்கில் எடுக்கவில்லை. கண்ணைத் தாழ்த்தியபோது அதில் அவர் தெரிந்தார். உள்ளங்கை அகலக் கண்ணாடிக்குள் வெள்ளை வேட்டியும் சட்டையுமாகச் சின்னதாக நின்றார். அவருக்குப் பின்னால், கண்ணாடியின் ஓரம் வரைக்கும் நீலம். நான் கரும்பலகையில் தேய்த்த நீலம் அதில் எங்கேயும் இல்லை.

அவர் அசையாமல் நின்றார். ஏதோ ஒன்று அவருக்கு அப்பாலிருந்து வெள்ளையாக வந்து அவர் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு திரும்பியது. அவர் குனிந்து காலடியைப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கினார், மறுபடி ஊன்றினார். மணலை உருவுகிறதா என்று பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. மற்றவர்கள் சொன்னதை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியாது. கருவாட்டு அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டாள்.

பிறகு அவர் காரைப் பார்த்துத் திரும்பினார். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கி, உள்ளங்கையைத் தன் பக்கமாக மடக்கி மடக்கி அசைத்தார். லாரியைப் பின்னால் எடுக்கும்போது வண்டிக்குப் பின்னால் நின்று கிளீனர் காட்டும் சைகை அது. வரலாம், வரலாம், இடம் இருக்கு, தாராளமா வரலாம். எங்கள் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூட அந்தச் சைகை தெரியும். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வரவேண்டியது ஓட்டுகிறவர் வேலை.

இறங்கி நடந்தேன். மணல் சுட்டது. அவர் பக்கத்தில் போய் நிற்கும் வரைக்கும் அவரைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். அப்புறம் நிமிர்ந்தேன்.

தூரத்தில் தட்டையாக இருந்த தண்ணீர் கிட்டே வர வர நடுவில் எழும்பியது. அடியில் காற்றுப் புகுந்ததுபோல ஒரு தூக்குத் தூக்கியது. ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டு, ஓரங்களிலிருந்து அமுங்கிக்கொண்டு வந்து எங்கள் காலில் விழுந்தது. யாரும் சொல்லாமல் அவராகச் சொன்னது அது ஒன்றுதான். நான் மிச்சம் வைத்திருந்த கோபத்துக்கு அந்தக் கடல் ஒரு உதவியும் செய்யவில்லை.

அவர் கடலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தார்ப்பாயேதானுங்க" என்றேன்.

அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். உப்புக் காற்று என்றார். இருட்டும் வரைக்கும் அங்கேயே நின்றோம். மணப்பாட்டுத் தேவாலயத்தைப் பார்க்கவில்லை.

காரைப் பூட்டினேனா, சாவியை எங்கே வைத்தேன் என்பது அவ்வளவு நேரமும் எனக்கு நினைவே வரவில்லை. அவரும் கேட்கவில்லை.